மாமாவின் ராம்பூர் கத்தியும் தாத்தாவின் பேனாக்கத்தியும்

செமஸ்டர் முடிந்துவிட்டது. போன முறை பழைய நாணயங்களைப் பற்றி எழுதினேன், பாதிப் பேர் தூங்கிவிட்டதாகக் கேள்வி. இந்த முறை கத்தி. பயப்பட வேண்டாம், இதுவும் வரலாறுதான். ஆனால் இந்த வரலாற்றின் கடைசியில் நான் ஒரு முடிவு எடுத்தாக வேண்டியிருந்தது, அதனால் கொஞ்சம் சொந்தக் கதையும் வரும்.

அடுத்த மாதம் முதல் பெங்களூருவில் ஆறு மாதப் பயிற்சி. வேலை முடிய இரவு 11 மணி ஆகும், அதற்குப் பிறகு அறைக்குப் போக வேண்டும். இதைக் கேள்விப்பட்டு என் பெரிய மாமா அம்மாபேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். சங்ககிரி, நாமக்கல் பக்கத்து வண்டிகள் போகாத மாநிலம் இல்லை என்பார்கள், மாமா அதற்குச் சாட்சி. காபி குடித்து முடித்துவிட்டு இடுப்பிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"இது உனக்கு மாப்ள. பேன்ட் பாக்கெட்ல எப்பவும் போட்டு வெச்சுக்க."

பிரித்தால் ஒரு மடக்குக்கத்தி. பித்தளைப் பிடி. மடக்கிய நிலையில் ஆறரை அங்குலம். திறந்தபோது கரகரவென்று பல் சக்கரம் சுற்றுகிற மாதிரி ஒரு சத்தம், கடைசியில் 'டக்' என்று பூட்டிக்கொண்டது. அலகு மட்டும் ஐந்தரை அங்குலம், அகலம் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. (ஸ்கேல் வைத்து அளந்தேன், பொறியியல் மாணவன் வேறென்ன செய்வான்!) சத்தம் கேட்டு அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "அண்ணா, படிக்கிற பையன் கையில என்னத்தக் குடுக்குறீங்க?" என்று கேட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

மாமா அதை 1987-ல் உத்தரப் பிரதேசத்தில் ராம்பூரில் வாங்கினாராம். டெல்லியிலிருந்து பரேலி போகிற சாலையில் இருக்கிற ஊர். அங்கே வண்டி நிற்கிற இடத்துக்கே கத்தி விற்க வருவார்களாம். வட இந்திய லாரிக்காரர்கள் ஆளுக்கொன்று வைத்திருப்பதைப் பார்த்து இவரும் வாங்கினார்.

வாங்கிக்கொள்வதா, வேண்டாமா? மாமாவின் முகத்தைப் பார்த்தால் மறுக்க முடியவில்லை, அம்மாவின் முகத்தைப் பார்த்தால் வாங்க முடியவில்லை. "ஒரு வாரம் வெச்சுப் பாத்துட்டுச் சொல்றேன் மாமா" என்று தப்பித்தேன். அந்த ஒரு வாரத்தில் நான் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

* * *

முதலில் தாத்தா. அம்மாவின் அப்பா. அம்மாபேட்டையில் தறி நெய்தவர். அவருக்கும் மடக்குக்கத்தி ஒன்று உண்டு. பேனாக்கத்தி. மடக்கினால் சுண்டுவிரல் நீளத்தை விடக் கொஞ்சம் பெரிது, அலகு இரண்டரை அங்குலம். பச்சைப் பெல்ட்டில் இருக்கிற சின்னப் பையில் பொடி டப்பாவோடு கிடக்கும். நூல் முடிச்சு, சிட்டத்தின் கட்டு, கொய்யாப்பழம், கால் நகம், பேரன்களின் பென்சில், எல்லாவற்றுக்கும் அதுதான். (இந்த வரிசையில்தான் பயன்படுத்தினாரா என்று கேட்டு வயிற்றைக் கலக்காதீர்கள்.) அவர் அதை வைத்திருந்ததைப் பற்றி யாரும் எதுவும் கேட்டதில்லை. மூக்குக் கண்ணாடி மாதிரி அதுவும் அவரோடு இருந்தது, அவ்வளவுதான்.

பேனாக்கத்தி என்று ஏன் பெயர்? மையூற்றிப் பேனா வருவதற்கு முன்னால் ஐரோப்பாவில் எழுதியது பறவையிறகில், பெரும்பாலும் வாத்திறகு. இறகின் முனை நாலைந்து பக்கத்துக்குள் மழுங்கிவிடும், திரும்பச் சீவ வேண்டும். எழுதுகிறவன் கையில் எப்போதும் ஒரு சின்னக் கத்தி இருந்தாக வேண்டும். அந்தக் கத்திதான் பிறகு மடங்கிச் சட்டைப்பைக்குள் போனது. இறகு போய் இரும்பு நிப் வந்தது, நிப் போய் பால்பாயிண்ட் வந்தது, இன்றைக்கு எழுதுவதே விரலால் தட்டுவதுதான். ஆனாலும் கத்தியின் பெயரில் பேனா ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தில் எழுத்தாணிகளைப் பற்றி வரும் பகுதி நினைவுக்கு வந்தது. அவர் மாணவராக இருந்தது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. அச்சுப் புத்தகம் வந்துவிட்டது, ஆனால் ஓலையும் போகவில்லை. எழுத்தாணிகளில் மூன்று வகை சொல்கிறார். மேல் பக்கம் கனத்துக் குண்டாக இருப்பது குண்டெழுத்தாணி. ஒரு முனையில் எழுத்தாணி, மறு முனையில் ஓலையை வாருவதற்கான கத்தி என்று இரண்டும் சேர்ந்தது வாரெழுத்தாணி. அதையே பிடிக்குள் மடக்கிக்கொள்ளும்படி செய்தால் மடக்கெழுத்தாணி.

பாருங்கள், நம்மிடமும் அதே கதை! அங்கே இறகைச் சீவக் கத்தி, இங்கே ஓலையை வாரக் கத்தி. பனையோலை மரத்திலிருந்து இறங்கும்போதே ஏடாக இறங்குவதில்லை. ஓலையை நறுக்கி, ஈர்க்கை நீக்கி, பதப்படுத்தி, எல்லா ஏடும் ஒரே அகலமாக வரும்படி ஓரம் வாரி, துளை போட்டு, நூல் கோத்த பிறகுதான் சுவடி. ஓரம் வாருவதற்குக் கூரான கத்தி வேண்டும், ஆனால் பெரிய கத்தி வேண்டாம். பெரிய கத்தி ஓலையைப் பிளந்துவிடும். எழுத்தாணியின் கூர்முனையோ இடுப்பில் செருகினால் குத்தும். இரண்டையும் ஒரு பிடிக்குள் மடக்கி வைத்துவிட்டால் கவலையில்லை. அந்தப் பிடியைத் தந்தத்திலும் செய்திருக்கிறார்கள். பணக்காரப் புலவர்களுக்கு என்று வைத்துக்கொள்வோம்.

ஆக, தமிழ்நாட்டில் ஒரு மனிதன் தினமும் மடக்கி எடுத்துச் சென்ற கத்திகளில் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று படித்தவனுடையது, ரவுடியுடையது இல்லை. இந்த விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். "அப்போ ஓலையில எழுதப் போறியா?" என்று கேட்டார். பதில் இல்லை.

* * *

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. தாத்தாவின் பேனாக்கத்தி அலகின் அடியில் பூதக்கண்ணாடி வைத்தால் 'ஷெஃபீல்ட்' என்ற எழுத்துகள் தெரியும். இங்கிலாந்தில் கத்திக்குப் பேர் போன ஊர். சேலத்துக்காரனுக்கு இது கொஞ்சம் உறுத்தலான விஷயம். கஞ்சமலையில் காந்த இரும்புத்தாது கொட்டிக் கிடக்கிறது. மண் உலையில் இரும்பு உருக்கிய பழக்கம் இந்த வட்டாரத்தில் மிகப் பழையது. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் நடந்த அகழாய்வில் இரும்பு உலைகள் கிடைத்திருக்கின்றன. அப்படிப்பட்ட ஊரில் நெசவாளியின் இடுப்பில் இருந்த கத்தி ஏழு கடல் தாண்டி வந்தது.

ஆனால் இதில் இன்னொரு திருப்பம் இருக்கிறது. ஜோசையா மார்ஷல் ஹீத் என்று கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஒருவர். சேலத்துத் தாதுவைப் பார்த்து மயங்கி, கம்பெனி வேலையை விட்டுவிட்டு, 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். தாது சேலம் பக்கத்திலிருந்து, எரிக்கக் காட்டு மரக்கரி. கணக்கு ஒத்துவரவில்லை, நஷ்டம் மேல் நஷ்டம். மனிதர் இங்கிலாந்து திரும்பி 1839-ல் எஃகு தயாரிப்பில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்ட் எஃகின் விலையே அதனால் வெகுவாகக் குறைந்தது, வார்ப்பு எஃகில் கத்தி செய்வது எளிதானது. ஆனால் காப்புரிமையில் இருந்த ஓர் ஓட்டையைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் பணம் தராமல் ஏமாற்றினார்கள். வழக்கு அவர் இறந்த பிறகும் நடந்தது.

தாத்தாவின் கத்தியில் சேலத்து இரும்பு இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. சேலத்து இரும்பில் கையைச் சுட்டுக்கொண்ட ஒருவரின் மூளை அதில் கொஞ்சம் இருக்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். சேலம் உருக்காலை 1981-ல்தான் உற்பத்தியைத் தொடங்கியது, அதுவும் துருப்பிடிக்காத எஃகுத் தகடு. அதற்குள் தாத்தாவின் கத்தி தேய்ந்து பாதியாகிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

* * *

மடக்குக்கத்தி புதிய கண்டுபிடிப்பு இல்லை. ஆஸ்திரியாவில் ஹால்ஸ்டாட் என்ற இடத்தில் கிடைத்தது கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வாக்கைச் சேர்ந்தது, எலும்புப் பிடி. ரோமானியர்களுடைய ஒன்று கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெள்ளியில் செய்தது, கத்தியோடு கரண்டி, முட்கரண்டி எல்லாம் மடங்கும். பார்த்தால் ஸ்விஸ் கத்திக்குத் தாத்தா மாதிரி இருக்கும்.

ஏன் மடக்க வேண்டும்? உறை இல்லாமல் உடம்போடு வைத்துக்கொள்ள. வேறு காரணமே கிடையாது. மடக்குவதால் கத்தி வலுவாகாது, பலவீனம்தான் ஆகும். ஒரே துண்டாக இருக்க வேண்டிய இரும்பை இரண்டாக்கி நடுவில் ஓர் ஆணி வைக்கிறோம், எல்லா அழுத்தமும் அந்த ஆணியில்தான் விழும். கொஞ்சம் தப்பாக அழுத்தினால் அலகு மடங்கி நம் விரலையே வெட்டும். பிரான்சில் ஜோசப் ஒப்பினெல் 1890-ல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தி இன்றும் உலகம் முழுக்க விற்கிறது. அதில் பூட்டு வளையம் வந்தது 1955-ல். அதுவரை அறுபது வருடத்துக்கு மேல் மக்கள் விரலை ஜாக்கிரதையாக வைத்துக்கொண்டு வெட்டினார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. அலகு முழுக்கப் பிடிக்குள் ஒளிய வேண்டும், அப்படியானால் பிடி அலகைவிட நீளமாக இருந்தே தீர வேண்டும். மூன்று அங்குல அலகுக்கு நாலங்குலப் பிடி போதும், அது உள்ளங்கைக்குள் அடங்கும். ஐந்தரை அங்குல அலகுக்கு ஆறரை அங்குலப் பிடி வேண்டும். அது எந்த உள்ளங்கையிலும் அடங்காது, என் ஜீன்ஸ் பாக்கெட்டிலும் அடங்கவில்லை.

ஒப்பினெல் இந்தப் பிரச்சினைக்கு நல்ல சாட்சி. அவர் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண் போட்டுப் பல அளவுகளில் செய்தார். பெரியதும் கடையில் இருந்தது, சின்னதும் இருந்தது. மிகவும் பெயர் வாங்கியது எட்டாம் எண். அதன் அலகு எட்டரை சென்டிமீட்டர், அதாவது மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். ஸ்விஸ் ராணுவ அதிகாரிகளுக்கு என்று கார்ல் எல்செனர் 1897-ல் பதிவு செய்த சிவப்புக் கத்தியின் வழி வந்தவற்றில் மிகவும் பரவிய அளவு, மடக்கினால் 91 மில்லிமீட்டர். அதற்குள் அடங்கும் அலகு மூன்று அங்குலத்தைத் தொடாது. ஜப்பானியப் பள்ளிப் பையன்கள் பென்சில் சீவிய ஹிகோனோகாமியும் கைக்கடக்கமான சங்கதிதான். இவர்கள் யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. பையும் உள்ளங்கையும் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே அளவு, அதனால் வந்த ஒற்றுமை.

அப்படியானால் ஐந்தரை அங்குல மடக்குக்கத்தியை ஏன் செய்தார்கள்?

* * *

இதற்குப் பதில் சத்தத்தில் இருக்கிறது என்பது என் கட்சி.

ஸ்பெயினில் நவாஹா என்று ஒரு பெரிய மடக்குக்கத்தி. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் அந்த நாட்டுச் சாமானியர்களின் அடையாளமாகவே இருந்தது. அதில் ஒரு வகையில் அலகைத் திறக்கும்போது பல்வரிசையில் இரும்பு நாக்கு தட்டித் தட்டிக் கரகரவென்று சத்தம் வரும். கடைத்தெருவில் அந்தச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறவர்கள் குறைவு. ராம்பூர் கத்தியிலும் அதே ஏற்பாடு. 'கராரி' என்றால் பல்சக்கரம், கராரிதார் என்றால் பல்சக்கரம் வைத்தது. எங்கோ இருக்கிற இரண்டு ஊர்களில் கொல்லர்கள் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள். கயிறு அறுக்கவோ பழம் நறுக்கவோ சத்தம் எதற்கு? எதிரில் இருப்பவன் கேட்க வேண்டும், அதற்குத்தான்.

ராம்பூர் நவாபுகள் ஆண்ட சமஸ்தானம். வாள் செய்த ஊர்களில் துப்பாக்கி வந்த பிறகு கொல்லர்கள் சிறிய வேலைகளுக்கு இறங்கியது பல இடங்களில் நடந்ததுதான். ராம்பூரில் அது மடக்குக்கத்தியாக வந்து நின்றது. அலகு ஒன்பது, பத்து அங்குலம் என்று வளர்ந்தது. பிறகு இந்தி சினிமா அதைக் கையில் எடுத்துக்கொண்டது. 1960, 70-களின் வில்லன்கள் 'ராம்பூரி' என்ற சொல்லையே கத்திக்கு இன்னொரு பெயராக்கிவிட்டார்கள். நம் ஊர் சினிமாவும் சும்மா இருக்கவில்லை. கன்னத்தில் மச்சம், கழுத்தில் கர்ச்சீப், கட்டம் போட்ட லுங்கி, கையில் பட்டன் கத்தி, முடிந்தது மேக்கப். அந்தக் கத்தியால் எந்த வில்லனும் ஒரு மாங்காய் நறுக்கிப் பார்த்ததில்லை.

பெருமை சேர்ந்த அளவுக்குச் சட்டமும் வந்து சேர்ந்தது. உத்தரப் பிரதேச அரசு 1990-களில் நாலரை அங்குலத்துக்கு மேல் அலகு வைத்துச் செய்யக்கூடாது என்று தடை போட்டது. கராரியும் பித்தளையுமாகச் செய்து பழகிய பட்டறைகளுக்கு அது பெரிய அடி. கொல்லர்கள் ஒவ்வொருவராக வேறு தொழிலுக்குப் போனார்கள். அதே ராம்பூரில் 2023-ல் ஒரு நாற்சந்தியில் சுமார் இருபது அடி நீளத்துக்கு ஒரு ராம்பூர் கத்தியைச் சிலையாக நிறுத்தியிருக்கிறார்கள். பையில் வைக்கக் கூடாததைச் சாலையில் வைத்தாயிற்று. எனக்கு இதில் சிரிப்பதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை.

* * *

சட்டம் என்று ஆரம்பித்ததால் அதையும் பார்த்துவிடுவோம். (நான் வக்கீல் இல்லை. இதைப் படித்துவிட்டு போலீசாரிடம் வாதாடப் போகாதீர்கள்.)

1857 கலகத்துக்குப் பிறகு இந்தியர்கள் கையில் ஆயுதம் இருப்பதைப் பார்த்தாலே வெள்ளையர்களுக்கு உதறல். லிட்டன் பிரபு காலத்தில் 1878-ல் ஆயுதச் சட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அதை எடுத்துவிட்டு 1959-ல் புதுச் சட்டம், 1962-ல் அதற்கு விதிகள். அந்த விதிகளின் அட்டவணையில் வாள், குத்துவாள், ஈட்டி எல்லாம் வரிசையாக வந்து, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ உள்ள கத்திகளும் சேர்கின்றன. ஆனால் வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கு என்று வடிவமைத்தவை அதில் அடங்கா. 2016-ல் புது விதிகள் வந்தபோதும் இந்தக் கணக்கு மாறவில்லை. இல்லாவிட்டால் நம் ஊர் அரிவாள்மனை வைத்திருக்கிற பாட்டிகள் எல்லோரும் லைசென்ஸ் வாங்க வரிசையில் நிற்க வேண்டும்.

ஒன்பது அங்குலம்தானே, மாமாவுடையது ஐந்தரைதானே என்று நானும் முதலில் சந்தோஷப்பட்டேன். அடுத்து கண்ணில் பட்டது டெல்லி. குறிப்பிட்ட பகுதிகளில் தனிக் கட்டுப்பாடு போட அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு இடம் தருகிறது. 1980 அக்டோபரில் டெல்லி நிர்வாகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. பட்டன்தார், கராரிதார் என்று பெயர் சொல்லியே, இயந்திர அமைப்பால் திறந்து மூடும் கத்திகளில் அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் அதற்கு மேலும் இருந்தால் கட்டுப்பாடு. 7.62 என்ற விசித்திரமான எண்ணை 2.54-ஆல் வகுத்துப் பாருங்கள். சரியாக 3 அங்குலம்!

பிரிட்டனில் 1988-ல் வந்த சட்டத்திலும், தக்க காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்துக்கொள்ளக் கூடிய மடக்குக்கத்திக்கு அளவு 3 அங்குலம்தான். அதுவும் பூட்டிக்கொள்ளாத கத்தியாக இருக்க வேண்டும். பிரான்சின் எட்டாம் எண், ஸ்விஸ் கத்தி, டெல்லி, லண்டன் எல்லாம் ஏறக்குறைய ஒரே கோட்டின் பக்கத்தில் வந்து நிற்கின்றன. முதலில் பை அந்தக் கோட்டைப் போட்டது, பின்னால் வந்த அரசாங்கம் அதன் மேலேயே மை தீட்டியது என்று எனக்குத் தோன்றுகிறது.

எப்போதும் நியாயமாகத்தான் நடந்தது என்று சொல்லிவிடவும் முடியாது. ஜப்பானில் 1960 அக்டோபர் 12 அன்று சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் அசானுமா இனெஜிரோவை மேடையிலேயே 17 வயதுப் பையன் ஒருவன் குத்திக் கொன்றான். அவன் கையில் இருந்தது பழைய குறுவாள். ஆனால் அதன் பிறகு கிளம்பிய 'பிள்ளைகள் கையில் கத்தி கூடாது' இயக்கத்தில் அடிவாங்கியது பென்சில் சீவுகிற ஹிகோனோகாமி. செய்துகொண்டிருந்தவர்கள் மெல்ல மெல்லப் பட்டறையை மூடினார்கள். அங்கே தாத்தாவின் கத்தி செத்தது, வாளின் பாவத்துக்காக.

* * *

பெரிய கத்தியே தப்பு என்று சொல்ல வரவில்லை. நம் ஊரில் பெரிய கத்தி இல்லாமல் எந்த வேலை நடந்தது? இளநீர்க் கடைக்காரரின் அரிவாளைப் பார்த்து யாராவது பயப்படுகிறோமா? பனையேறிகள் பாளை சீவும் அரிவாளைப் பனம்பாளையில் செய்த பெட்டியில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு ஊருக்கு நடுவில் நடந்து போவார்கள். அந்த அரிவாள் எந்த ராம்பூர் கத்தியை விடவும் கூர். பெட்டியைப் பார்த்த எவருக்கும் ஆள் யார், எங்கே போகிறார், எதற்குப் போகிறார் என்று தெரியும். பெரிய வேலைக்குப் பெரிய கத்தி, அதை மறைக்கவும் இல்லை, மடக்கவும் இல்லை.

மறைத்து வைத்த கத்திக்கு நம் இலக்கியத்தில் வேறு இடம். பெரியபுராணத்தில் திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனார் கதை தெரிந்திருக்கும். போரில் ஜெயிக்க முடியாத முத்தநாதன் சிவனடியார் வேடம் போட்டு, சுவடிக் கட்டுக்குள் ஆயுதத்தை ஒளித்துக்கொண்டு அந்தப்புரம் வரை போய்விடுகிறான். ஆகம நூல் சொல்ல வந்தவன் என்று எல்லோரும் வழி விடுகிறார்கள். கட்டை அவிழ்க்கிறான், உள்ளே ஏடு இல்லை. ஓலை வாரும் சின்னக் கத்தியும் சுவடியும் ஒன்றாக இருந்த உலகத்தில், சுவடிக்குள் பெரிய கத்தி இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் எழுதியது, இன்றைக்குப் படித்தாலும் அந்த இடத்தில் உடம்பு சில்லிடுகிறது.

* * *

இப்போது என் ஒரு வாரம்.

முதல் நாள் வலது பாக்கெட்டில் போட்டேன். பாக்கெட் இழுத்துக்கொண்டு தொங்கியது. உட்கார்ந்தால் பிடியின் முனை தொடையில் குத்தியது, டவுன் பஸ்ஸில் பழைய பஸ் ஸ்டாண்ட் வரை நின்றுகொண்டே போனேன். இரண்டாம் நாள் பைக்குள் போட்டேன், தேவைப்பட்டபோது புத்தகத்துக்கு அடியிலிருந்து தேடி எடுக்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்த பார்சல் ஒன்றைப் பிரித்தேன், அட்டையோடு உள்ளே இருந்த சட்டையும் கிழிந்தது. நான்காம் நாள் மாங்காய். ஐந்தரை அங்குல அலகால் மாங்காய் நறுக்குவது கடப்பாரையால் பல் குத்துவது மாதிரி.

ஐந்தாம் நாள்தான் முக்கியம். தெருமுனை டீக்கடையில் நண்பர்கள் இரண்டு பேருக்குக் காட்டினேன். திறந்தேன். கரகர, டக். பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலையைத் தூக்கினார். சின்ன வயதிலிருந்து என்னைத் தெரிந்தவர், தாத்தாவோடு பாவு தோய்த்தவர். என்னையும் கத்தியையும் ஒரு முறை பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். டீ பாதி இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு நாள் அது அலமாரியை விட்டு வெளியே வரவில்லை.

மாமா வந்தபோது திருப்பிக் கொடுத்தேன். கோபப்படுவார் என்று பயந்தேன், காரணங்களை எல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். டெல்லி, லண்டன், ஸ்பெயின் என்று நான் அடுக்கிக்கொண்டே போக, அவர் கத்தியைக் கையில் உருட்டிக்கொண்டு கேட்டார்.

"நீங்க இத எத்தன தடவ தெறந்திருக்கீங்க மாமா?" என்றேன்.

"தார்ப்பாய்க் கயிறு அறுக்கத் தெனமும். ஆளுங்க முன்னாடி ஒரு தடவ."

மத்தியப் பிரதேசத்தில் ஏதோ ஒரு தாபா. வண்டி நிறுத்துவதில் தகராறு. எதிராளி உரக்கக் கத்த, மாமா கத்தியை எடுத்துத் திறந்தார். சத்தம் கேட்டதும் அவன் இரண்டு அடி பின்னால் போனான். அதே நேரம் அவனுடைய கிளீனர் வண்டிக்குள்ளிருந்து ஜாக்கி ராடோடு இறங்கினான். தாபாவில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். பத்து நிமிடம் யாரும் நகரவில்லையாம். கடைசியில் தாபாக்காரப் பெரியவர் நடுவில் வந்து இரண்டு பக்கமும் கும்பிட்டுப் பிரித்துவிட்டார்.

"தெறக்கறது சுலபம் மாப்ள. தெறந்தப்புறம் மடக்கறதுக்குத்தான் எனக்குத் தெரியல. மடக்குனா பயந்துட்டான்னு நெனப்பான், மடக்கலைன்னா குத்தணும். எனக்கு ரெண்டும் வேண்டாம்னுதான் இருந்துச்சு."

"பின்ன எதுக்கு மாமா எனக்குக் குடுத்தீங்க?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ராத்திரி பதினொரு மணிக்கு நீ தனியா நடந்து போவேன்னு உங்கம்மா சொன்னா. வேற என்ன குடுக்கறதுன்னு தெரியல" என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பெங்களூரு வரைபடத்தை போனில் விரித்து, அலுவலகத்துக்கு நடக்கிற தூரத்தில் அறை எங்கே கிடைக்கும் என்று தேடினோம். வாடகை இரண்டாயிரம் கூட ஆகும். அந்த இரண்டாயிரத்தை மாதாமாதம் தான் தருவதாக மாமா சொல்லியிருக்கிறார். ராம்பூர் கத்தி இப்போது அவர் வீட்டுப் பரணில், தார்ப்பாய்க் கயிற்றோடு இருக்கிறது.

அம்மா தன் பங்குக்குப் பெட்டியைக் குடைந்து தாத்தாவின் பேனாக்கத்தியை எடுத்துக் கொடுத்தார். ஆணி துருப்பிடித்து இறுகியிருந்தது, தேங்காய் எண்ணெய் விட்டு இரண்டு நாள் வைத்த பிறகு திறக்கிறது. பென்சில் சீவிப் பார்த்தேன், மொக்கை. சாணை பிடிக்கிறவர் எங்கள் தெருப் பக்கம் வந்து மாதக்கணக்காகிறது. அம்மாபேட்டையில் வேறு யாராவது சாணை பிடிக்கிறவர்களைத் தெரிந்தால் சொல்லுங்கள், நான் கிளம்ப இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.